பன்றி யாருடையது? அயோவாவின் ஒரு கவுண்டிக்கு வந்த கொரோனா நிவாரணம்

"கொரோனா ஆண்டில் அமெரிக்க அரசு விவசாயிகளுக்குப் பணத்தை வாரி இறைத்தது என்கிறார்களே, ஒரு கிராமப்புறக் கவுண்டியில் அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? நட்டப்பட்டவர்களுக்கா, ஏற்கெனவே வசதியாக இருந்தவர்களுக்கா?" என்பது கேள்வி. (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு.)

இரண்டு தரப்புக்கும் போனது. நட்டப்பட்டும் ஒரு டாலர்கூடக் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். விண்ணப்பத்தில் யாரும் "உனக்கு எவ்வளவு நட்டம்?" என்று கேட்கவில்லை. சரக்கு யாருடையது, எந்தத் தேதியில் கையில் இருந்தது, அதற்கு விலை முன்பே பேசி முடிக்கப்பட்டதா என்றுதான் கேட்டார்கள். இதை ஒரு குறிப்பிட்ட ஊரை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் சூ கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். (பெயர் குழப்பம் வேண்டாம்: சூ சிட்டி வேறு கவுண்டியில் இருக்கும் நகரம், சூ ஃபால்ஸ் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில் இருக்கிறது. சூ ஃபால்ஸ் இந்தக் கதையில் வரும்.)

சூ கவுண்டியில் மனிதர்கள் ஏறக்குறைய 36,000 பேர். பன்றிகள் பத்து லட்சத்துக்கும் மேல். தலைநகரான ஆரஞ்சு சிட்டி, 1870-ஐ ஒட்டி வந்து குடியேறிய டச்சுக்காரர்கள் அமைத்த ஊர்; மே மாதத்தில் துலிப் மலர்த் திருவிழா நடக்கும். சுற்றிலும் மக்காச்சோளம், சோயா, மாட்டுப் பட்டிகள், பால் பண்ணைகள், கோழிப் பண்ணைகள். அயோவா முழுவதையும் பார்த்தால் 32 லட்சம் மனிதர்களுக்கு இரண்டரைக் கோடிப் பன்றிகள் என்று கணக்கு வரும். அமெரிக்கப் பன்றிகளில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மாநிலத்தில்தான் வளர்கிறது.

2020 ஏப்ரலில் என்ன நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். தாய்ப்பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று அங்கே வாய்ப்பாடாகச் சொல்வார்கள். பிறந்த குட்டி ஆறு மாதத்தில் ஏறக்குறைய 280 பவுண்டு எடைக்கு வந்து விற்பனைக்குத் தயாராகிவிடும். அந்த வாரத்தில் லாரி வந்தே ஆக வேண்டும். கொட்டகையைக் கழுவிவிட்டால் அடுத்த தொகுதிக் குட்டிகள் வாசலில் நிற்கும். தானியத்தைக் குதிரில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பன்றிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது தின்னும், வளரும். எடை மீறிவிட்டால் ஆலையின் இயந்திரங்களுக்கே ஒத்துவராது.

ஏப்ரல் 12 அன்று சூ ஃபால்ஸில் இருந்த ஸ்மித்ஃபீல்டு இறைச்சி ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. 3,700 பேர் வேலை செய்த ஆலை அது. நாட்டின் பன்றி இறைச்சியில் நான்கைந்து விழுக்காடு அந்த ஒரே கூரையின் கீழ்தான் வெட்டப்பட்டது. ஏப்ரல் 20 அன்று மினசோட்டாவின் வொர்திங்டனில் ஜேபிஎஸ் ஆலை நின்றது. இரண்டு நாள் கழித்து அயோவாவின் வாட்டர்லூவில் டைசன் ஆலை நின்றது. தொழிலாளர்களிடையே தொற்று காட்டுத்தீயாகப் பரவியதுதான் காரணம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் நாட்டின் பன்றி வெட்டும் திறன் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்துபோனது. கடைகளில் இறைச்சி விலை ஏறிக்கொண்டிருந்த அதே வாரங்களில், பண்ணையில் பன்றியை வாங்க ஆளில்லை. பன்றிகள் வேகமாக வளராமல் இருக்கத் தீவனத்தின் சேர்மானத்தை மாற்றினார்கள், கொட்டகையின் வெப்பத்தைக் கூட்டினார்கள். அதற்கும் கட்டுப்படாதபோது சில பண்ணைகளில் நல்ல பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். கொன்ற உடல்களை அப்புறப்படுத்தும் செலவுக்கு அயோவா மாநில அரசே ஒரு பன்றிக்கு 40 டாலர் கொடுக்க முன்வந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பின்னணியில்தான் கூட்டாட்சி அரசின் பணம் வந்தது. திட்டத்தின் பெயர் கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம். ஏப்ரல் 17 அன்று அன்றைய வேளாண் துறைச் செயலர் சன்னி பெர்டியூ அறிவித்தபோது மொத்தம் 1,900 கோடி டாலர். அதில் 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடியாக, மீதி 300 கோடி உணவுப் பொருள் கொள்முதலுக்கு. நேரடிப் பணம் இரண்டு பைகளிலிருந்து வந்தது. மார்ச் மாதத்தில் நிறைவேறிய கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டத்திலிருந்து 950 கோடி. 1933 முதல் இருந்துவரும், வேளாண் துறையின் நிதி அமைப்பான விளைபொருள் கடன் கழகத்திலிருந்து 650 கோடி. இரண்டு பை என்பது வெறும் கணக்கு விவரமாகத் தோன்றும். நடைமுறையில் அதுதான் தலைவலி. ஒவ்வொரு பைக்கும் வேறு தேதி, வேறு விகிதம்.

பன்றிக்கு இப்படி வகுத்தார்கள். ஜனவரி 15-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையில் விற்றவற்றுக்கு முதல் பையிலிருந்து: 120 பவுண்டுக்குக் குறைந்த குட்டி என்றால் 28 டாலர், அதற்கு மேல் எடையுள்ள பன்றி என்றால் 18 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கையிருப்பு மிக அதிகமாக இருந்த நாளில் இருந்த ஒவ்வொரு பன்றிக்கும் இரண்டாம் பையிலிருந்து 17 டாலர். சொந்தமாகப் பன்றி வைத்திருந்த ஒரு நடுத்தரப் பண்ணைக்காரர் முதல் காலத்தில் பெரிய பன்றிகள் 2,000 விற்றிருந்தார், இரண்டாவது காலத்தில் 2,400 பன்றிகள் வைத்திருந்தார் என்று வையுங்கள். 36,000 டாலரும் 40,800 டாலரும் சேர்ந்து 76,800 டாலர். பணம் எல்லாருக்கும் போதுமா என்ற சந்தேகத்தில் முதலில் 80 விழுக்காடு மட்டும் கொடுத்து, மீதியை ஆகஸ்டில் விடுவித்தார்கள்.

அந்தத் தேதிகளைக் கவனித்தீர்களா? ஆலைகள் மூடத் தொடங்கியதே ஏப்ரல் நடுவில்தான். பிப்ரவரியில் லாரியில் ஏற்றி அனுப்பி, அன்றைய விலையில் காசு வாங்கிவிட்ட பன்றிக்கு 18 டாலர். மே மாதத்தில் வாங்க ஆளில்லாமல் கொட்டகையில் முட்டிக்கொண்டு நின்ற பன்றிக்கு 17 டாலர். மாட்டில் இது இன்னும் அப்பட்டம்: வெட்டுக்குத் தயாரான கொழுத்த மாட்டை ஏப்ரல் 15-க்குள் விற்றிருந்தால் 214 டாலர், 16-ஆம் தேதி கையில் வைத்திருந்தால் 33 டாலர். சட்டப்படி முதல் பணம் நடந்து முடிந்த விலைச்சரிவுக்கு, இரண்டாவது பணம் வரப்போகும் விற்பனைச் சிரமத்துக்கு என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கத்தில் தவறில்லை. ஆனால் ஒரு நாள் தள்ளி விற்றதற்காக 181 டாலர் இழந்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

தானியத்தில் கோளாறு வேறு வகை. 2019 விளைச்சலில் பாதி, அல்லது 2020 ஜனவரி 15 அன்று விலை பேசாமல் கையிருப்பில் இருந்தது, இவற்றில் எது குறைவோ அதற்குத்தான் பணம். அந்த அளவில் பாதிக்கு ஒரு புஷெல் (அமெரிக்கத் தானிய அளவை) மக்காச்சோளத்துக்கு 32 சென்ட், மறுபாதிக்கு 35 சென்ட். 60,000 புஷெல் விளைந்து 40,000 புஷெல் களஞ்சியத்தில் இருந்தவருக்கு 30,000 புஷெல் கணக்கில் வரும். கையில் 10,050 டாலர். விலை இறங்கலாம் என்று முன்யோசனையோடு அறுவடைக் காலத்திலேயே மொத்தத்தையும் ஒப்பந்த விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு விலைச்சரிவால் நட்டம் இல்லைதானே என்பது அரசின் வாதம். நியாயமான வாதம்தான். என்றாலும், விவேகமாக நடந்தவனுக்கு வெறுங்கை, சூதாடிக் காத்திருந்தவனுக்குக் காசோலையா என்ற முணுமுணுப்பு எழுவதும் இயல்பே.

முட்டைக்கு ஒரு வேடிக்கை நடந்தது. மார்ச்சில் மக்கள் கடைகளை மொய்த்ததால் ஓட்டோடு விற்கும் முட்டையின் விலை எகிறியது. அதனால் முதல் சுற்றில் அதற்கு இடமில்லை. உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் போகும் திரவ முட்டையின் கதை நேர் எதிர். முட்டை என்றால் முட்டைதான் என்று இருந்த திட்டம், ஆகஸ்டில்தான் திரவ முட்டையையும் உறைந்த முட்டையையும் பட்டியலில் சேர்த்தது.

இதையெல்லாம் நடத்தியது கவுண்டி அலுவலகம். வாஷிங்டனில் அறிவிப்பு, கவுண்டியில் வேலை. 1930-களின் பொருளாதார மந்தத்திலிருந்து அமெரிக்க வேளாண் உதவி இப்படித்தான் ஓடுகிறது. வேளாண் துறையின் கிளையான பண்ணைச் சேவை முகமைக்கு நாடு முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட அலுவலகங்கள் உண்டு. உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு ஒவ்வொன்றிலும் இருக்கும். அலுவலருக்கு விண்ணப்பதாரரின் அப்பாவையும் தெரிந்திருக்கும், எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். தொற்றுக் காலத்தில் கதவு பூட்டியிருந்தது. தொலைபேசியில் நேரம் வாங்கி, மின்னஞ்சலில் படிவம் அனுப்பினார்கள். மே 26 அன்று தொடங்கிய பதிவு, நீட்டிப்போடு செப்டம்பர் 11 வரை ஓடியது. விவசாயி எண்ணிக்கையைத் தானே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். பில்லும் எடைச்சீட்டும் உடனே கேட்கப்படவில்லை, கேட்டால் காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதனால் பணம் வேகமாகப் போனது. அதற்கான விலையையும் கொடுத்தார்கள்: அரசின் தணிக்கை அமைப்பான பொறுப்புடைமை அலுவலகம் 2022-இல் இந்தத் திட்டத்தை ஆராய்ந்தபோது, கொடுக்கப்பட்ட மொத்தம் 3,100 கோடி டாலர் என்றும், சோதித்துப் பார்க்கப்பட்ட விவசாயிகளில் பலரிடம் வாங்கிய தொகைக்கு முழுமையான ஆவணம் இல்லை என்றும் சொன்னது.

என் பார்வையில், அன்றைய அவசரத்தில் கையெழுத்தை நம்பியது சரியான முடிவு. கொட்டகையில் பன்றி மூச்சுமுட்டி நிற்கும்போது எடைச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியாது. பின்னால் வந்த சோதனை போதாது என்பதுதான் குறை.

இனி கேள்வியின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். சூ கவுண்டியில் சாலையோரம் தெரியும் நீண்ட வெள்ளைக் கொட்டகைகளில் பலவற்றில் இருக்கும் பன்றிகள் கொட்டகைக்காரருடையவை அல்ல. குட்டி, தீவனம், மருந்து எல்லாம் ஒரு நிறுவனத்துடையது. கொட்டகை, மின்சாரம், உழைப்பு, கட்டடக் கடன் எல்லாம் விவசாயியுடையது. ஒரு பன்றி நிற்கும் இடத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது. நிவாரணத் திட்டத்தின் விதியோ, விலை அபாயத்தைச் சுமக்கும் உரிமையாளருக்குத்தான் பணம் என்றது. ஆகவே ஒரே கொட்டகையில் நின்ற 2,400 பன்றிகளுக்கான பணம், அவற்றுக்குத் தினமும் தண்ணீர் காட்டிய ஆளைத் தாண்டி, வேறு ஊரில் இருக்கும் நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. கூலி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை வளர்ப்பவருக்கு நட்டமில்லை என்பது உண்மை. நிறுவனம் அடுத்த தொகுதியை அனுப்பாமல் தாமதித்தபோதுதான் அடி விழுந்தது. வெறும் கொட்டகைக்கும் வங்கித் தவணை உண்டு.

பெரியவர்களே அள்ளிக்கொண்டார்களா? பாதி உண்மை. ஒருவருக்கு அல்லது ஒரு நிறுவனத்துக்கு 2,50,000 டாலர் உச்சவரம்பு. பண்ணை வேலையிலோ நிர்வாகத்திலோ தலா 400 மணி நேரம் உழைக்கும் மூன்று பங்குதாரர்கள் இருந்தால் 7,50,000 வரை போகலாம். வாரத்துக்கு 2,500 பன்றி விற்கும் ஒரு குடும்ப நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், அந்த 13 வாரத்தில் விற்ற 32,500 பன்றிக்கே 5,85,000 டாலர் ஆகிவிடும். கையிருப்புக்கான பணத்தைச் சேர்த்தால் வரம்பு தாண்டிப்போகும். அதனால்தான் தேசியப் பன்றி உற்பத்தியாளர் சங்கம் வரம்பையே எடுக்கச் சொல்லிக் கேட்டது. வரம்பு மிகப் பெரியவர்களைக் கொஞ்சம் தடுத்தது. அதற்குக் கீழே, எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவு பணம். நூறு பன்றி வைத்திருந்தவருக்கும் பத்தாயிரம் வைத்திருந்தவருக்கும் ஒரே விகிதம் என்றால், மொத்தத் தொகை எங்கே குவியும் என்று சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் 17 அன்று, அதிபர் தேர்தலுக்கு ஆறேழு வாரம் இருக்கும்போது, டிரம்ப் விஸ்கான்சினின் மொசினி என்ற ஊரில் பிரசார மேடையிலிருந்து இரண்டாம் சுற்றை அறிவித்தார்: 1,400 கோடி டாலர்வரை. தேர்தல் கணக்கு இல்லை என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது. இத்தனைக்கும் சூ கவுண்டி, பணம் வந்தாலும் வராவிட்டாலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் இடம். இந்தச் சுற்றின் விதிகள் எளிமையானவை. ஏப்ரல் 16-க்கும் ஆகஸ்டு 31-க்கும் இடையில் இருந்த அதிகபட்சக் கையிருப்புக்குப் பன்றி ஒன்றுக்கு 23 டாலர், மாடு ஒன்றுக்கு 55 டாலர். இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவை கணக்கில் சேராது. மக்காச்சோளத்துக்கு ஏக்கர்க் கணக்கு: புஷெலுக்கு 58 சென்டில் 40 விழுக்காட்டை அந்தப் பண்ணையின் சராசரி விளைச்சலால் பெருக்க வேண்டும். ஏக்கருக்கு 200 புஷெல் விளையும் நிலத்துக்கு 46 டாலர் 40 சென்ட் வரும்.

ஜோ பைடன் பதவிக்கு வந்ததும் 2021 ஜனவரியில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து, மார்ச்சில் வேறு பெயரில் தொடர்ந்தார்கள். 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி மக்காச்சோளம், சோயா போன்றவற்றுக்கு ஏக்கருக்கு இன்னொரு 20 டாலர். ஐந்நூறு ஏக்கர்க்காரருக்குப் பத்தாயிரம் டாலர், புதிதாக ஒரு படிவம்கூட நிரப்பாமல். இதுதான் எனக்கு உறுத்துவது. 2020 கோடையில் புஷெலுக்கு மூன்று டாலரை ஒட்டித் தவித்த மக்காச்சோளம், 2021 மே மாதத்தில் சிகாகோ சந்தையில் ஏழு டாலரைத் தாண்டியிருந்தது. வெள்ளம் வடிந்து வயல் பசுமையாக நிற்கும்போது வந்துசேர்ந்த வெள்ள நிவாரணம் அது. 2020-இல் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து அமெரிக்க விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்தது ஏறக்குறைய 4,600 கோடி டாலர், அந்த ஆண்டின் நிகரப் பண்ணை வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி. சீனாவுடனான வர்த்தகச் சண்டைக்காக அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் பணம் கொடுத்துப் பழக்கியிருந்ததையும் மறக்கக் கூடாது.

வந்த பணம் முழுவதும் விவசாயியின் பையிலேயே தங்கியதா என்றால், இல்லை. அது வருமான வரிக்கு உட்பட்டது. ரொக்கக் குத்தகைக்கு நிலத்தை விட்டிருந்தவர்களுக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. விளைச்சலில் பங்கு வாங்கும் நில உரிமையாளர்களுக்கு உண்டு. ஆனால் உழுபவர் கையில் காசு புழங்குவது தெரிந்தால், அடுத்த குத்தகைப் பேச்சில் ரொக்கக்காரரும் தன் பங்கைக் கேட்டு வாங்கிவிடுவார்.

சம்பளப் பாதுகாப்புக் கடன் என்று இன்னொரு வாசலும் இருந்தது. நிபந்தனைப்படி செலவழித்தால் திருப்பிக் கட்ட வேண்டாம். தனி உரிமையாளராக இருக்கும் விவசாயிக்கு முதலில் நிகர லாபத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். டிராக்டர் தேய்மானத்தைக் கழித்துக் கழித்து வரிக் கணக்கில் லாபத்தைச் சுழியமாகக் காட்டிப் பழகியவர்கள் அன்றுதான் கையைப் பிசைந்தார்கள். 2020 டிசம்பர்ச் சட்டம் மொத்த வருமானத்தை வைத்துக் கணக்கிட அனுமதித்தது. அதன்படி ஆள் வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு 20,833 டாலர் வரை கிடைத்தது.

நாடு முழுவதற்குமான இனப் பாகுபாட்டுக் கேள்வியும் இருக்கிறது. பைடன் ஆட்சியில் வேளாண் துறைச் செயலராக வந்த டாம் வில்சாக், அதுவரை இந்தத் திட்டத்தில் கொடுக்கப்பட்ட ஏறக்குறைய 2,600 கோடி டாலரில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது வெறும் 2.08 கோடி என்று 2021-இல் கணக்குச் சொன்னார். பெரும்பாலும் வெள்ளையர்களே நிலம் வைத்திருக்கும் சூ கவுண்டியில் பிளவு வேறு இடத்தில் ஓடுகிறது. பன்றியை வெட்டும் கைகளில் பெரும்பகுதி புலம்பெயர்ந்தவர்களுடையவை. வாட்டர்லூ ஆலையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தது. விற்ற பன்றிக்கு 18 டாலர் என்று வகுத்த திட்டத்தில், அதை வெட்டியவருக்கு ஒரு வரிகூட இல்லை. 2021 செப்டம்பரில்தான் பண்ணை, இறைச்சித் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 600 டாலர் வரை கொடுக்க 70 கோடி ஒதுக்கினார்கள்.

விடுபட்டவர்களை நோக்கி அரசு திரும்பியதும் அந்த ஆண்டில்தான். கொன்று புதைத்த விலங்குகளுக்கு அவற்றின் சந்தை மதிப்பில் 80 விழுக்காடு தரும் திட்டம் ஜூலையில் திறந்தது. கூலிக்கு வளர்த்தவர்களுக்கு, 2020-இல் இழந்த வருமானத்தில் 80 விழுக்காடு வரை கொடுக்க 100 கோடி டாலர் ஆகஸ்டில் ஒதுக்கப்பட்டது. கடைசியாக டிசம்பரில், எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தமில்லாமல் அன்றன்றைய விலைக்குப் பேசி விற்ற சிறு பன்றிக்காரர்களின் முறை வந்தது. ஆலைகள் மூடியபோது முதலில் கைவிடப்பட்டவர்கள் இவர்கள்தான், ஏனென்றால் திறந்திருந்த ஆலைகள் ஒப்பந்தக்காரர்களின் பன்றிகளுக்கே முதலிடம் கொடுத்தன. 2020 ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 1 வரை விற்ற பன்றிக்கு 54 டாலர், 10,000 பன்றி வரை. ஒதுக்கீடு 5 கோடி. இந்த முறை வெறும் கையெழுத்து செல்லவில்லை, விற்பனைச் சீட்டு கேட்டார்கள். பதிவு 2022 ஏப்ரல் வரை நீண்டு, பணம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் அந்தக் கொட்டகைகளில் நான்கு தொகுதிப் பன்றிகள் வளர்ந்து லாரி ஏறிப் போயிருக்கும்.